கழிவாக்கும் முயற்சியே நஞ்சாக்குகிறது: புற்றுநோய்க் காரணிகள் டிஎன்ஏவுடன் பிணைவது எப்படி?

உணவு, புகை, சாயம் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் நுழையும் பல வேதிப்பொருள்கள், நுழையும் நிலையில் மரபணுக்களைத் தாக்கும் ஆற்றல் அற்றவை. அவற்றை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் மேற்கொள்ளும் வேதி மாற்றமே சில வேளைகளில் அவற்றைப் புற்றுநோய்க் காரணிகளாக மாற்றிவிடுகிறது. இந்த முரண் எவ்வாறு நிகழ்கிறது, அதிலிருந்து உடல் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது, அந்தக் காப்பு எங்கே தவறுகிறது என்பதை நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் காணப்படும் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ராஜஸ்தான், குஜராத்தில் நிகழ்ந்தது என்ன?

1974ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய அண்டை மாவட்டங்களில் 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலை ஒரே நேரத்தில் தோன்றியது. நோயுற்றவர்களுக்கு வயிற்றில் விரைவாக நீர் கோத்தது. 397 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 106 பேர் உயிரிழந்தனர். வீட்டு நாய்களும் அதே அறிகுறிகளுடன் மடிந்தன.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான ஆய்வாளர்கள் இந்நிகழ்வை ஆராய்ந்து, 1975ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்து, முறையாக உலர்த்தப்படாமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளமே காரணம் என்பது அதில் தெரியவந்தது. அந்தத் தானியத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை பெருகியிருந்தது. பரிசோதிக்கப்பட்ட மாதிரிகளில் ஒரு கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் காணப்பட்டது. தானியங்களுக்கு இந்தியா தற்போது அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, அம்மக்கள் உண்ட சோளத்தில் இன்றைய வரம்பைப்போல் சுமார் 400 முதல் 1,000 மடங்கு நஞ்சு இருந்தது.

அந்த உயிரிழப்புகள் புற்றுநோயால் நேர்ந்தவை அல்ல. கடுமையான நச்சுத்தாக்கத்தால் கல்லீரல் செயலிழந்ததன் விளைவு. எனினும் அதே நஞ்சு சிறிய அளவில், பல ஆண்டுகள் தொடர்ந்து உடலில் சேரும்போது காமாலையோ வயிற்றுவலியோ தோன்றுவதில்லை. மாறாக, கல்லீரல் செல்களின் டிஎன்ஏவில் அது வடுக்களை விட்டுச் செல்கிறது. அந்த வடுக்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

வான்கோழிகள் தந்த எச்சரிக்கை

அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டதே ஒரு பேரிழப்பின் வழியாகத்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாத நோயால் இறந்தன. அவற்றுக்குத் தீவனமாக அளிக்கப்பட்ட, பிரேசிலில் இருந்து தருவிக்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருப்பது பின்னர் உறுதியானது. பூஞ்சையின் பெயரில் இருந்தே அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பெயர் சூட்டப்பட்டது. அதன் பல வகைகளுள் பி1 என்னும் வகையே மிகவும் வீரியமானது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதிப்படுத்தப்பட்ட முதலாம் பிரிவில் அஃப்ளாடாக்சின்களை வகைப்படுத்தியுள்ளது.

நேரடிக் காரணிகள், மறைமுகக் காரணிகள்

வேதிப்பொருளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாக அறியப்பட்டதன்று. லண்டன் அறுவை சிகிச்சை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தவர்களுக்கு விரைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என 1775ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஜப்பானைச் சேர்ந்த யாமாகிவா, இச்சிகாவா ஆகியோர் 1915ஆம் ஆண்டு முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து பூசி, புற்றுநோயைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினர்.

இந்த வரலாற்றில் நெடுங்காலம் விடுபடாத புதிர் ஒன்று இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் வேதி அமைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தன. அவற்றில் பல, சோதனைக் குழாயில் டிஎன்ஏவுடன் கலக்கப்பட்டபோது எந்த வினையும் புரியவில்லை. வினைபுரியாத பொருள் மரபணுவை எவ்வாறு சிதைக்க முடியும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதியரின் ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்ட ஒரு மஞ்சள் சாயத்தை எலிகளுக்கு உணவில் கொடுத்தபோது, அது கல்லீரலின் புரதங்களோடு இறுகப் பிணைந்திருப்பதை அவர்கள் 1947ஆம் ஆண்டு கண்டனர். சாயம் தானாகப் புரதத்துடன் பிணையாது. உடலுக்குள் சென்று மாறிய பின்னரே பிணைகிறது என்பது இதன் பொருள். 1960ஆம் ஆண்டில் மற்றொரு புற்றுநோய்க் காரணி உடலுக்குள் எவ்வாறு வேதி மாற்றம் அடைந்து வீரியம் பெறுகிறது என்பதையும் அவர்களது குழு காட்டியது.

இதன் அடிப்படையில் வேதிப் புற்றுநோய்க் காரணிகள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் வகை, உடலின் உதவியின்றியே டிஎன்ஏவைத் தாக்கக்கூடியது. முதல் உலகப் போரில் பயன்படுத்தப்பட்ட கடுகு வாயு இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் வகை, உடலின் நொதிகளால் மாற்றப்பட்ட பின்னரே தாக்கும் ஆற்றலைப் பெறுவது. அன்றாட வாழ்வில் மனிதர்கள் எதிர்கொள்ளும் முக்கியக் காரணிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையையே சேர்ந்தவை.

பாக்டீரியாவுக்குத் துணையாகக் கல்லீரல்

இக்கருத்தை எளிய சோதனையாக மாற்றியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஏம்ஸ். வேதிப்பொருள் ஒன்று மரபணு மாற்றத்தை உண்டாக்குகிறதா என்பதைச் சால்மோனெல்லா பாக்டீரியாவைக் கொண்டு அறியும் முறையை அவர் வகுத்தார். ஆனால் பாக்டீரியாவுக்குக் கல்லீரல் இல்லை. எனவே, 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அரைக்கப்பட்ட கல்லீரல் திசுவின் சாற்றை அவர் பாக்டீரியாவுடன் சேர்த்தார். அதுவரை தீங்கற்றவைபோல் தோன்றிய பொருள்கள், அந்தச் சாறு சேர்ந்ததும் பாக்டீரியாவின் மரபணுக்களைச் சிதைத்தன. புதிய மருந்துகளும் வேதிப்பொருள்களும் இன்றளவும் ஏம்ஸ் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. கல்லீரல் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் இரு முறை அச்சோதனை நடத்தப்படுவது வழக்கம்.

உடல் ஏன் இவற்றை மாற்றுகிறது?

நீரில் கரையும் பொருள்களைச் சிறுநீரகம் எளிதில் வெளியேற்றிவிடும். கொழுப்பில் கரையும் பொருள்களோ செல் சவ்வுகளுக்குள் புகுந்து உடலிலேயே தங்கிவிடக்கூடியவை. தாவரங்களில் உள்ள கசப்புப் பொருள்கள், மருந்துகள், புகையில் உள்ள சேர்மங்கள் எனப் பலவும் கொழுப்பில் கரையும் தன்மை கொண்டவை. இவற்றை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றினால் மட்டுமே சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்ற முடியும். இந்தப் பணி பெரும்பாலும் கல்லீரலில் இரு கட்டங்களாக நடைபெறுகிறது.

முதல் கட்டத்தில், சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் அந்த மூலக்கூறில் ஆக்சிஜன் அணு ஒன்றைச் சேர்க்கிறது. மனித மரபணுத் தொகுதியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 57 மரபணுக்கள் உள்ளன. கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்த நிலையில் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை இந்த நொதிகள் வலுவாக உட்கவர்வதாலேயே இவற்றுக்கு அப்பெயர் வந்தது. ஆக்சிஜனைச் சேர்ப்பது, அடுத்த கட்டத்தில் வேறொன்றைப் பிணைப்பதற்கான கொக்கியை மாட்டுவதற்கு ஒப்பானது.

இரண்டாம் கட்டத்தில், குளூட்டாதயோன், குளூக்குரோனிக் அமிலம், சல்பேட் போன்ற நீரில் கரையும் பொருள்களுள் ஒன்றை வேறு நொதிகள் அந்தக் கொக்கியில் பிணைக்கின்றன. அத்துடன் அந்தப் பொருள் வெளியேறத் தயாராகிவிடுகிறது.

இந்த இரு கட்டங்களுக்கும் இடைப்பட்ட நேரமே ஆபத்தானது. ஆக்சிஜன் சேர்ந்ததும் சில மூலக்கூறுகள் எலக்ட்ரான் பற்றாக்குறை கொண்டவையாக மாறுகின்றன. அவை எலக்ட்ரான் மிகுந்த எந்தப் பொருளையும் நாடிச் சென்று பிணையும். செல்லுக்குள் எலக்ட்ரான் மிகுந்த இடங்களுள் முக்கியமானவை புரதங்களும் டிஎன்ஏவும் ஆகும். இரண்டாம் கட்ட நொதி முந்திக்கொண்டால் அந்த மூலக்கூறு கழிவாகிறது. டிஎன்ஏ முந்திக்கொண்டால் வடு விழுகிறது.

கல்லீரலில் அஃப்ளாடாக்சினின் பயணம்

அஃப்ளாடாக்சின் பி1 குடலில் இருந்து இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. அங்கு 3ஏ4, 1ஏ2 எனக் குறிக்கப்படும் இரு சைட்டோகுரோம் நொதிகள் அதன் மீது செயல்படுகின்றன. மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜன் அணு முக்கோண வடிவில் இணைந்து, எபாக்சைடு என்னும் நிலை உருவாகிறது. இந்த எபாக்சைடு மிகவும் நிலையற்றது. நீரில் அதன் அரை ஆயுள் சுமார் ஒரு வினாடி மட்டுமே.

அந்தக் குறுகிய காலத்தில் அதன் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குளூட்டாதயோனுடன் பிணைந்து தீங்கற்ற கழிவாவது. இரண்டாவது, நீருடன் வினைபுரிந்து, பின்னர் புரதங்களோடு ஒட்டிக்கொள்வது. கடுமையான நச்சுத்தாக்கத்தில் இதற்குப் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. மூன்றாவது, செல்லின் உட்கருவுக்குள் சென்று டிஎன்ஏவை அடைவது.

அஃப்ளாடாக்சினின் தட்டையான வடிவம் மூன்றாவது வழிக்குத் துணைபுரிகிறது. ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டுள்ள டிஎன்ஏவின் கார இணைகளுக்கு இடையே அது நுழைந்துகொள்கிறது. அங்கிருந்து, குவானின் என்னும் காரத்தில் ஏழாம் இடத்தில் உள்ள நைட்ரஜன் அணுவைப் பற்றிப் பிணைகிறது.

எல்லா அஃப்ளாடாக்சினும் இந்தப் பாதையில் செல்வதில்லை. அதே சைட்டோகுரோம் நொதிகள் மூலக்கூறின் வேறு இடங்களில் ஆக்சிஜனைச் சேர்க்கும்போது, வீரியம் குறைந்த வேறு பொருள்கள் உருவாகின்றன. ஒரே நொதி, ஒரே நஞ்சை ஓரிடத்தில் தொட்டால் தணிக்கிறது. மற்றோரிடத்தில் தொட்டால் கூர்மையாக்குகிறது.

டிஎன்ஏவில் விழும் வடு

டிஎன்ஏவில் வேதிப்பொருள் ஒட்டிக்கொண்ட இடத்தை ‘ஒட்டு’ எனக் கொள்ளலாம். ஒட்டு உருவான உடனேயே புற்றுநோய் தோன்றிவிடுவதில்லை. செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போதுதான் ஆபத்து முழுமை பெறுகிறது. நகலெடுக்கும் நொதி, ஒட்டு உள்ள குவானினைச் சரியாக அடையாளம் காண இயலாமல், அதன் எதிரே தவறான காரத்தை வைத்துவிடுகிறது. அடுத்த முறை நகலெடுக்கும்போது அந்தத் தவறு நிலைபெற்றுவிடுகிறது. அஃப்ளாடாக்சினைப் பொறுத்தவரை, குவானின் இருந்த இடத்தில் தைமின் அமைவதே அதிகம் காணப்படும் மாற்றம்.

1991ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான இரு ஆய்வுகள் இதற்கு மனிதர்களிடம் கிடைத்த சான்றை முன்வைத்தன. அஃப்ளாடாக்சின் மிகுந்த உணவை உண்ட சீனாவின் சிடோங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகள் ஆராயப்பட்டன. சிடோங்கில் ஆராயப்பட்ட 16 கட்டிகளில் 8 கட்டிகளில், செல்களின் கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249ஆம் குறியீட்டில் எழுத்து மாற்றம் காணப்பட்டது. அதனால் அப்புரதத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் அமைகிறது. குற்றம் நிகழ்ந்த இடத்தில் கிடைத்த கைரேகையைப்போல், நோய்க்குக் காரணமான நஞ்சை இந்த மாற்றம் சுட்டிக்காட்டுகிறது.

பழுது நீக்கும் பொறிமுறை

டிஎன்ஏவில் ஏற்படும் சிதைவுகள் அரிதானவை அல்ல. வெளியிலிருந்து எந்த நஞ்சும் வராத நிலையிலும், ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சிதைவுகள் இயல்பாகவே நிகழ்கின்றன. அவற்றைச் சரிசெய்யும் பொறிமுறைகளைக் கண்டறிந்ததற்காகத் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சான்சார் ஆகியோருக்கு 2015ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரிய ஒட்டுகளை நீக்கும் முறை, கிழிந்த துணியை வெட்டி ஒட்டுப்போடுவதை ஒத்தது. ஒட்டு உள்ள பகுதியைச் சுற்றி சுமார் 30 எழுத்துகள் கொண்ட துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. எதிர் இழையைப் பார்த்து அந்த இடைவெளி மீண்டும் நிரப்பப்படுகிறது. மற்றொரு முறை மேலும் வியப்பானது. குவானினின் ஆறாம் இடத்தில் உள்ள ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் குழுவை, ஒரு புரதம் தன் மீது மாற்றிக்கொள்கிறது. அத்துடன் அந்தப் புரதம் பயனற்றுப்போகிறது. ஒரு வடுவை நீக்க ஒரு முழுப் புரதமே பலியாகிறது.

அஃப்ளாடாக்சின் ஒட்டுகளில் ஒரு பகுதி தானாகவே டிஎன்ஏவில் இருந்து கழன்று, சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரில் அதன் அளவைக் கொண்டு ஒருவர் அண்மையில் எவ்வளவு நஞ்சுக்கு உள்ளானார் என்பதை ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மற்றொரு பகுதியோ வளையம் திறந்த வேறொரு வடிவமாக மாறி, டிஎன்ஏவில் நீண்ட காலம் தங்குகிறது. நீங்காத இந்த ஒட்டுகளே கூடுதல் கவலைக்குரியவை.

எலிக்கு ஆபத்து, சுண்டெலிக்குக் காப்பு

முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையிலான போட்டி எவ்வளவு தீர்மானகரமானது என்பதை இரு சோதனை விலங்குகள் காட்டுகின்றன. எலிகளுக்கு மிகக் குறைந்த அளவு அஃப்ளாடாக்சின் கொடுத்தாலும் கல்லீரல் புற்றுநோய் தோன்றுகிறது. வளர்ந்த சுண்டெலிகளோ அதைப் பெருமளவு தாங்குகின்றன. இத்தனைக்கும் சுண்டெலியின் கல்லீரலும் எபாக்சைடை உருவாக்கக்கூடியதே.

அந்த எபாக்சைடைக் குளூட்டாதயோனுடன் மிக விரைவாகப் பிணைக்கும் நொதி சுண்டெலியின் கல்லீரலில் நிறைந்திருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம். மனிதக் கல்லீரலில் அந்த நொதியின் திறன் மிகக் குறைவு. உடலுக்குள் நுழைந்த பின் நஞ்சைத் தடுக்கும் ஆற்றலில் மனிதன் சுண்டெலிக்கு நிகரானவன் அல்லன்.

புகையிலையும் கரிப்புகையும்

இதே நிகழ்முறை வேறு காரணிகளிலும் காணப்படுகிறது. சிகரெட் புகை, வாகனப் புகை, நிலக்கரித் தார் ஆகியவற்றில் உள்ள பென்சோபைரீன் மூன்று படிகளில் வீரியம் பெறுகிறது. முதலில் எபாக்சைடு உருவாகிறது. பின்னர் வேறொரு நொதி அதில் நீரைச் சேர்க்கிறது. அதன்பின் மீண்டும் ஓர் எபாக்சைடு உருவாகிறது. இவற்றில் இரண்டாம் படி பல பொருள்களுக்கு நஞ்சு முறிக்கும் படியாகும். பென்சோபைரீனுக்கோ அதுவே மிகக் கொடிய வடிவத்துக்கான வாயிலாகிறது. அந்த வடிவம் டிஎன்ஏவில் பிணையும் இடங்களும், புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றுநோயில் பி53 மரபணு அடிக்கடி மாற்றமடையும் இடங்களும் ஒத்திருப்பதை 1996ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

புகைபிடிக்காமல் வாயில் அடக்கும் புகையிலையிலும் இந்த ஆபத்து உண்டு. புகையிலை பதப்படுத்தப்படும்போது நிகோட்டின் உள்ளிட்ட பொருள்களில் இருந்து நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. சைட்டோகுரோம் நொதிகள் இவற்றை மாற்றும்போது, டிஎன்ஏவில் மெத்தில் குழு போன்றவற்றை ஒட்டும் துணுக்குகள் தோன்றுகின்றன. இந்தியாவுக்கு இது மிக முக்கியமான செய்தி. 2016-17ஆம் ஆண்டு நடத்தப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். புகை இல்லை என்பதால் தீங்கும் இல்லை என்ற எண்ணத்துக்கு இந்த வேதியியலில் இடமில்லை. புகையிலை சேராத பாக்கும் முதலாம் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

சாயத் தொழிலாளரும் சிறுநீர்ப்பையும்

நஞ்சை மாற்றும் இடம் ஒன்றாகவும் நோய் தோன்றும் இடம் வேறாகவும் இருப்பது உண்டு. ஜெர்மானிய அறுவை சிகிச்சை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்படுவதை 1895ஆம் ஆண்டு பதிவு செய்தார். பின்னாளில் 2-நாஃப்தைலமின், பென்சிடின் போன்ற அரோமாட்டிக் அமின்களே காரணம் என்பது தெளிவானது. கல்லீரல் இவற்றை மாற்றி, நீரில் கரையும் வடிவில் சிறுநீருக்கு அனுப்புகிறது. சிறுநீரின் அமிலத்தன்மையில் அந்தப் பிணைப்பு உடைந்து, வீரியமுள்ள வடிவம் மீண்டும் வெளிப்படுகிறது. சிறுநீர் தேங்கும் பையின் உட்சுவரே அதன் தாக்குதலுக்கு இலக்காகிறது.

சில வகை அமின்களை அசிட்டைல் குழு சேர்த்துத் தணிக்கும் நொதியின் வேகம் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. அது மரபுவழி அமைவது. இந்த நொதி மெதுவாகச் செயல்படுவோருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆபத்து சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. பென்சிடின் அடிப்படையிலான சாயங்களைக் கையாள இந்தியா 1990களில் தடை விதித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஹெபடைடிஸ் பி உடன் சேரும்போது

அஃப்ளாடாக்சினின் தீங்கைப் பன்மடங்காக்குவது ஹெபடைடிஸ் பி வைரஸ். ஷாங்காய் நகரில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 1990களில் வெளியாயின. இரு பாதிப்புகளும் இல்லாதவர்களுடன் ஒப்பிடுகையில், அஃப்ளாடாக்சினுக்கு மட்டும் உள்ளானவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோயின் ஆபத்து சுமார் 3 மடங்காகவும், வைரஸ் தொற்று மட்டும் உள்ளவர்களுக்குச் சுமார் 7 மடங்காகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு அது சுமார் 60 மடங்காக உயர்ந்தது.

வைரஸ் தொற்றால் கல்லீரல் செல்கள் தொடர்ந்து அழிந்து, புதிய செல்கள் விரைந்து பிரிகின்றன. பழுது நீங்குவதற்கு முன்பே டிஎன்ஏ நகலெடுக்கப்படும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. எனவே, தேசிய தடுப்பூசித் திட்டத்தின் கீழ் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அஃப்ளாடாக்சினால் விளையும் புற்றுநோயையும் ஒரு வகையில் தடுக்கும் கருவியாகும்.

பால் வழியாகவும் வரும்

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையோ சோளத்தையோ மாடு உண்ணும்போது, அதன் கல்லீரலும் அதே வேதி மாற்றத்தை மேற்கொள்கிறது. அப்போது உருவாகும் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் பொருளின் ஒரு பகுதி பாலில் சுரக்கிறது. தாய்ப்பாலிலும் இது காணப்படக்கூடும். பாலைக் காய்ச்சுவதாலோ பதப்படுத்துவதாலோ இது நீங்குவதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் பாலில் அனுமதிக்கும் எம்1 அளவு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அந்த ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் சேகரித்த 6,432 பால் மாதிரிகளில் 368 மாதிரிகள், அதாவது 5.7 சதவீதம், இந்த வரம்பை மீறின. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88, டெல்லியில் 262-இல் 38, கேரளத்தில் 187-இல் 37 மாதிரிகள் வரம்புக்கு மேல் இருந்தன. தீவனமே இதற்குக் காரணம் என ஆணையம் சுட்டிக்காட்டியது. நஞ்சற்ற தீவனத்துக்கு மாறினால் சில நாள்களிலேயே பாலில் எம்1 அளவு குறைந்துவிடும் என்பதால், இது தீர்க்கக்கூடிய சிக்கலே.

உடலுக்குள் தடுக்க முடியுமா?

சிடோங்கில் 180 பேரிடம் நடத்தப்பட்டு 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பச்சையத்தில் இருந்து பெறப்படும் குளோரோஃபிலின் மாத்திரையை நான்கு மாதங்கள் உட்கொண்டவர்களின் சிறுநீரில் அஃப்ளாடாக்சின் ஒட்டின் அளவு 55 சதவீதம் குறைந்தது. குடலிலேயே நஞ்சைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் கலக்கவிடாமல் அது தடுப்பதாகக் கருதப்படுகிறது. எனினும், அந்த ஆய்வு அளந்தது ஒட்டின் அளவையே தவிர, புற்றுநோய் குறைந்ததா என்பதை அன்று.

‘நச்சு நீக்கும்’ பானங்கள், மாத்திரைகள் என்ற பெயரில் விற்கப்படுபவற்றை இந்தப் பின்னணியில் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். கல்லீரல் நொதிகளைத் தூண்டுவது எப்போதும் நன்மையில் முடியும் எனக் கூற இயலாது. தூண்டப்படுவது முதல் கட்ட நொதியாக இருந்தால் எபாக்சைடு கூடுதலாக உருவாகவும் கூடும். நன்மை தரும் என எதிர்பார்க்கப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை, ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை. மாறாக, அதை உட்கொண்டவர்களிடம் அந்நோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டதாக 1994ஆம் ஆண்டு தெரிவிக்கப்பட்டது.

நுழையும் முன் தடுப்பதே வழி

களத்திலும் கிடங்கிலும் எடுக்கப்படும் நடவடிக்கைகளே அஃப்ளாடாக்சினுக்கு எதிரான உறுதியான காப்பு. அறுவடைக் காலத்தை ஒட்டி வறட்சி நிலவினால் நிலக்கடலை மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சை தாக்கக்கூடும். பறித்த கடலையை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கும் கீழ் குறையும் வரை உலர்த்துவதும், மண் படாமல் காற்றோட்டமான இடத்தில் அடுக்குவதும் பூஞ்சை பெருகுவதைத் தடுக்கும். நன்கு காய்ந்த கடலையை ஆட்டினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலவென ஒலிக்கும்.

வீடுகளில் நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சை படிந்த, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி அகற்றுவது எளிய, ஆனால் பயனுள்ள செயல். நஞ்சின் பெரும்பகுதி அத்தகைய சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். அஃப்ளாடாக்சின் வெப்பத்தைத் தாங்கக்கூடியது. வறுப்பதால் ஓரளவு குறையுமே தவிர, வேகவைப்பதாலோ வறுப்பதாலோ முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சை பிடித்த தானியத்தைக் கழுவி உலர்த்தி உண்பதும், மனிதர் உண்ணத் தகாததென ஒதுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் இடுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

சிடோங்கின் அனுபவம் இதற்குச் சான்றாக உள்ளது. அங்கு மக்காச்சோளத்துக்குப் பதிலாக அரிசி முதன்மை உணவானதைத் தொடர்ந்து, மக்களின் உடலில் அஃப்ளாடாக்சினின் அளவு பெரிதும் குறைந்தது. கல்லீரல் புற்றுநோயால் நேரும் இறப்புகளும் குறைந்தன. அம்மக்களின் கல்லீரல் நொதிகள் மாறவில்லை. அந்த நொதிகளிடம் போய்ச் சேர்ந்த நஞ்சின் அளவே மாறியது.